ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) கார் பாடியில் பெயிண்ட் உரியாமல் இருக்க மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்கலாமா?

அடிக்க வேண்டாம். வளைந்து கொடுக்கிற பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பாடி என்றால் நிச்சயமாக வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஷார்ட் கோர்ஸ் டிரக்குக்கு (மண் தரையில் ஓடும் பந்தய டிரக் மாடல்) நிறமில்லாத பாடி வாங்கி நீங்களே ஸ்ப்ரே அடித்திருக்கிறீர்கள், இரண்டு மாதத்தில் சக்கரத்துக்கு மேலே திட்டுத் திட்டாக உரிந்துவிட்டது. அந்த 'சக்கரத்துக்கு மேலே'யில்தான் விஷயமே இருக்கிறது. லெக்ஸான் (பாலிகார்பனேட்டின் வணிகப் பெயர்) பாடிக்குப் பெயிண்ட் அடிப்பது உள்பக்கம். வெளியே பளபளப்பது பிளாஸ்டிக், அதற்குப் பின்னால்தான் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி குட்டிக்கரணம் போட்டுக் கூரை தரையில் தேய்ந்தால் கீறல் விழுவது பிளாஸ்டிக்கில்தான், பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. பெயிண்டைத் தின்பது கீழிருந்து வருகிற அடி. நான்கு டயரும் மண்ணையும் பொடிக்கல்லையும் வாரி உள்பக்கமாக அடிக்கின்றன, ஒரு பேட்டரி தீர்வதற்குள் எத்தனை கல் அடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே கிளியர் அடிப்பது, வீடு உள்ளே ஒழுகும்போது வாசலில் குடை பிடிக்கிற மாதிரி.

இன்னொன்று, ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாதாரண கிளியர் லேக்கரில் உள்ள கரைப்பான் பாலிகார்பனேட்டை அரிக்கக்கூடும். மெல்லிய விரிசல்கள் வலை மாதிரி ஓடும், பாடி நெகிழ்வை இழந்து முதல் மோதலிலேயே பிளக்கும். தமியா என்கிற ஜப்பானிய மாடல் கார் கம்பெனியில் பிஎஸ்-55 என்று ஒரு மேட் கிளியர் உண்டு, அதை வெளிப்பக்கம் அடிக்கலாம், ஆனால் அது பளபளப்பை மங்கவைக்கத்தான், பாதுகாப்புக்கு இல்லை.

என் முதல் பாடியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பைக்குக்கு டச்சப் செய்ய வாங்கிய ஸ்ப்ரே டின் பாதி மீந்திருந்தது, அதையே அடித்தேன். காய்ந்ததும் பிரமாதமாக இருந்தது. மறுநாள் பக்கத்துக் காலி மனையில் ஓட்டி ஒரே ஒரு தடவை சுவரில் இடித்தேன், முன்பக்கம் முழுக்க அப்பளம் நொறுங்குகிற மாதிரி உள்ளே கொட்டிவிட்டது. பாடி வளைகிறது, பெயிண்ட் வளையவில்லை. பாலிகார்பனேட்டுக்கென்றே வருகிற பெயிண்ட் பாடியோடு சேர்ந்து வளையும். தமியாவில் அது பிஎஸ் வரிசை. அதே கம்பெனியின் டிஎஸ் வரிசை கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாடிக்கு, டின் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஸ்ப்ரே டின்னைக் கூரியரில் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், தரைவழியாக வருவதற்குள் பொறுமை போய்க் கையில் கிடைத்ததை அடிக்கத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள்.

சரியான பெயிண்ட் இருந்தும் இரண்டாவது பாடியில் கோட்டைவிட்டேன், கழுவாமல் அடித்தேன். அச்சில் உருவாக்கும்போது ஒட்டிய பிசுக்கும் நம் விரல் எண்ணெயும் உள்ளே இருக்கும். பாத்திரம் தேய்க்கிற லிக்விட் போட்டு வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதன்பிறகு உள்பக்கம் விரலே படக்கூடாது. ஸ்ப்ரேயை ஒரே மூச்சில் கெட்டியாக அடிக்காமல், பனி படிந்த மாதிரி மெல்லியதாகப் பல கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசியாக வெளிர் நிறத்துக்குப் பின்னால் வெள்ளையோ வெள்ளியோ ஒரு கோட். நிறம் எடுப்பாகத் தெரியும் என்று சொல்லித்தான் இதை அடிக்கிறார்கள், ஆனால் கல் முதலில் தின்பது இந்தக் கோட்டைத்தான் என்பதால் இது ஒரு காவல் கோட்டும்கூட. மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடுகிற நைட்ரோ வண்டி என்றால் அதற்கும் மேல் எரிபொருள் தாங்குகிற கிளியர் உள்பக்கம் அடிப்பது நல்லது. உங்களுடையது எலக்ட்ரிக், தேவையில்லை.

இப்போது முக்கியமான வேலை, உள்ளே ஒரு மெத்தை. பலரும் செய்வது ஷூ கூ என்கிற, காய்ந்தால் ரப்பர் மாதிரி ஆகிற ஷூப் பசை, கூடவே சுவர் விரிசலுக்கு ஒட்டுகிற கண்ணாடியிழை வலை டேப். பெயிண்ட் அடித்து ஒரு முழு நாளாவது போகட்டும், ஏனென்றால் இந்தப் பசையிலும் கரைப்பான் இருக்கிறது, ஈரப் பெயிண்டைக் கரைத்தால் நிறம் வழிந்துவிடும். வலையைச் சக்கர வளைவு, பாடி போஸ்ட் (பாடியைத் தாங்கும் கம்பி) ஓட்டைகளைச் சுற்றி, முன் மூக்கு, பின் ஓரம் இவற்றில் மட்டும் வெட்டி ஒட்டி, மேலே பசையைப் பிதுக்கி, தண்ணீரில் நனைத்த விரலால் மெல்லியதாகப் பரப்புங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நாற்றம் தலையைச் சுற்றவைக்கும். முதலில், பாடியிலிருந்து வெட்டி எறிந்த ஓரத் துண்டில் பெயிண்ட் அடித்து, அதன்மேல் பசை தடவிச் சோதித்துப் பார்ப்பது நல்லது. நான் ஒருமுறை செருப்புத் தைக்கிறவரிடம் மஞ்சள் பசை வாங்கிச் சோதிக்காமல் தடவி, ஆரஞ்சு நிறம் பாதி கரைந்து விரலோடு வந்தது. கிடைக்கிறதே என்று பாடி முழுக்கவும் பூசாதீர்கள், உச்சியில் எடை ஏறினால் வண்டி திருப்பத்தில் புரளும், எதற்காகப் பூசினோமோ அதுவே வினையாகும்.

இந்தப் பசை வேலையே வேண்டாம் என்றால் சக்கர வளைவில் டக்ட் டேப் ஒட்டலாம். சேறு பட்டால் ஓரம் கிளம்பும், அவ்வப்போது மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கல் தவிர உரசலும் உண்டு. ஷாக் டவரின் (ஷாக் அப்சார்பரைத் தாங்கும் தகடு) உச்சியும் பேட்டரி ஒயரும் பாடியின் உள்ளே எங்கே தொடுகின்றன என்று பாருங்கள், பெயிண்ட் தேய்ந்த கோடு தெரியும். அந்த இடத்தில் ஒரு துண்டு ஃபோம் போதும். அப்புறம், மோட்டாருக்கு அடிக்கிற கிளீனர் ஸ்ப்ரே, தின்னர், பெட்ரோல், ஸ்க்ரூ இளகாமல் இருக்கப் போடும் திரெட்லாக் இவற்றில் எதைத் தொடுவதாக இருந்தாலும் பாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பாடியைக் கழுவ சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும்தான். ஃப்ளோரசன்ட் நிறம் அடித்திருந்தால் வெயிலில் காட்சிக்கு வைக்காதீர்கள், வெளுத்துவிடும்.

தமியாவின் லஞ்ச் பாக்ஸ், கிராஸ்ஹாப்பர் மாடல்கள் மாதிரி ஏபிஎஸ் பாடிக்கு இதெல்லாம் தலைகீழ். அங்கே பெயிண்ட் வெளியே இருக்கிறது, எனவே கிளியர் கோட் அங்கே நியாயம்தான். டிஎஸ்-13 என்கிற கிளியர் அடிப்பார்கள். ஸ்டிக்கர் மேல் கெட்டியாக அடித்தால் ஸ்டிக்கர் சுருங்கும், தூவுகிற மாதிரி அடியுங்கள்.

உங்கள் இப்போதைய பாடியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. உரிந்த இடத்தில் தொங்குகிற செதில்களை மாஸ்கிங் டேப் ஒட்டி இழுத்து எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்து, அதே பிஎஸ் நிறத்தை உள்ளிருந்து மெல்லியதாக இரண்டு மூன்று கோட் அடியுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்டது லேசாகத் தெரியும், அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம், நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். விரிசல் ஏதாவது ஓடியிருந்தால் அது முடிகிற நுனியில் சின்ன ஓட்டை போட்டுவிட்டு, பின்னால் வலை வைத்துப் பசை பூசுங்கள், விரிசல் மேற்கொண்டு நீளாது.