தாழ்மையும் மனந்திரும்புதலும்: கேட்டவர்களும் பதில்களும்

பெரம்பூர்ச் சகோதரி: தினமும் பாவ அறிக்கை செய்கிறேன், ஐயா. ஆனாலும் அதே கோபம், அதே பெருமை. எங்கே குறை?

அறிக்கை பொத்தாம்பொதுவாக இருக்கிறதா என்று பாருங்கள், அம்மா. "என் பாவங்களையெல்லாம் மன்னியும்" என்பதில் எந்தப் பாவமும் பிடிபடாது. லேவியராகமம் 5:5 எதிலே பாவம் செய்தோம் என்று சொல்லச் சொல்கிறது. ராத்திரி பத்து நிமிஷம் போதும். சங்கீதம் 51-ஐ நிதானமாக வாசியுங்கள். அன்றைக்கு நடந்த ஒன்றை மட்டும் எடுத்து, யாரிடம், என்ன சொன்னேன், எதை விரும்பினேன் என்று மூன்று வரி எழுதுங்கள். "சாம்பாரில் உப்பு என்று மாமியார் சொன்னார். சாயங்காலம்வரை முகம் கொடுக்கவில்லை. அவரே வந்து கெஞ்சவேண்டும் என்று விரும்பினேன்." பெருமை உட்கார்ந்திருப்பது அந்த மூன்றாவது வரியில்தான். அதைச் சொல்லி அறிக்கை செய்யுங்கள், 1 யோவான் 1:9-ஐ வாய்விட்டு வாசித்து நன்றி சொல்லிவிட்டுப் படுங்கள். மணிக்கணக்காகக் கிளறினால் கண் சிலுவையை விட்டு நம்மேலேயே திரும்பிவிடும். அங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். காலையில் மாமியாரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். சபையில் சாட்சி சொல்வது அதற்கப்புறம்.

அண்ணா நகர்ச் சகோதரர்: பழைய கம்பெனியில் 10,000 ரூபாய் கணக்கில் காட்டாமல் எடுத்தேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார். திருப்பித் தரணுமா?

தரணும். எண்ணாகமம் 5:7-இன்படி முதலும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும்: 12,000. முதலாளியிடமோ கணக்குப் பார்ப்பவரிடமோ நேரில் போங்கள். தொகையையும் காலத்தையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். குடும்பக் கஷ்டத்தைக் கடிதத்தில் சேர்க்கவேண்டாம். சேர்த்தால் அது மன்னிப்புக் கேட்பதாக இருக்காது, வாதாடுவதாகிவிடும். போலீசுக்குப் போகவும் அவர்களுக்கு உரிமை உண்டு, அதையும் ஏற்கத் தயாராகப் போங்கள். பயமிருந்தால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், அதில் தப்பில்லை. இதற்கும் அதே எச்சரிப்பு: ஆளிடம் போகாமல் சபையில் சாட்சி சொல்ல மேடை ஏறாதீர்கள்.

வியாசர்பாடித் தம்பி: இது மோசேயின் நியாயப்பிரமாணம், ஐயா! கிருபையில் ஐந்தில் ஒரு பங்கு எங்கே வந்தது?

நல்ல கேள்வி, தம்பி. லூக்கா 19-ஐத் திறந்து வரிசையைப் பாருங்கள். 5-ஆம் வசனத்தில் இயேசு, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். அதுவரை வரி வசூலிக்கும் சகேயு ஒரு காசும் தரவில்லை, அதுதான் கிருபை. 8-இல் ஏழைகளுக்குப் பாதி ஆஸ்தி, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை. யாரும் கேட்காமலே ஐந்தில் ஒன்றைத் தாண்டிப்போகிறான். கிருபை அவன் கையைத் திறந்தது. மன்னிப்பை வாங்க அவன் பணம் கட்டவில்லை.

மறுபடியும் தம்பி: இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளன் எதைத் திருப்பிக் கொடுத்தான்?

எதையும் இல்லை. அவன் கைகள் ஆணியில் இருந்தன. வாய் திறந்திருந்தது, "நாம் நடப்பித்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னான். தன்னால் முடிந்ததைச் செய்தான். கட்ட வழியே இல்லாதவரிடம் நானும் பணம் கேட்கமாட்டேன்; கடனை ஒத்துக்கொண்டு மாதம் 500 கட்டட்டும். வங்கியில் பணம் வைத்துக்கொண்டு கள்ளனைக் காட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தாம்பரம்: பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால்?

வாரிசிடம் கொடுங்கள். எண்ணாகமம் 5:8.

மயிலாப்பூர்: எனக்குத் தாழ்மை வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்றைக்கு இதே கேள்வி மூன்றாம் முறை. அதை அளக்கவேண்டாம். உங்கள் வயதில் சிறியவர் குறை சொல்லும்போது முழுசாகக் கேட்டுமுடியுங்கள், போதும்.

வேப்பேரி: ஈஸ்டருக்கு முந்தின லெந்து 40 நாளும் உபவாசம். ஸ்டேட்டஸில் போட்டால் பிறருக்கு உற்சாகமாக இருக்குமே?

உபவாசம் மனுஷருக்குத் தெரியவேண்டாம் என்கிறது மத்தேயு 6:17, 18. போடாதீர்கள்.

பெயர் சொல்லாத சகோதரி: கணவர் அடிக்கிறார். தாழ்மையாகப் பொறுத்துக்கொள் என்கிறார்கள்.

அது தாழ்மை இல்லை, அம்மா. அப்போஸ்தலர் 16:37-இல், தன்னை விசாரியாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள் தாங்களே வந்து வெளியே அழைத்துவிடட்டும் என்று பவுல் உரிமையோடு கேட்கிறார். மனந்திரும்பவேண்டியவர் அடிக்கிறவர். இன்றைக்கே 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், பாதுகாப்பான வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பதைப் பற்றி அங்கே போனபிறகு பேசலாம்.

கொளத்தூர்: ஞாயிறு ஆராதனையில் எல்லார் முன்னும் அறிக்கை செய்யலாமா?

காயப்பட்டது எத்தனை பேரோ, அத்தனை பேர் முன்னால். ஒருவர் என்றால் அவரிடம் மட்டும். மத்தேயு 5:24 காணிக்கையையே பீடத்தண்டை வைத்துவிட்டு, முதலில் அந்தச் சகோதரனிடம் போய் ஒப்புரவாகச் சொல்கிறது.