வியர்த்து ஓடிய குதிரை தண்ணீரை மறுப்பது ஏன்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரே நாளில் 160 கிலோமீட்டர் ஓடும் குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் படித்தேன். வழியில் களைத்துப்போன குதிரைகள் சில, தண்ணீர்த் தொட்டியருகே நின்றும் குடிப்பதில்லையாமே, ஏன்? உடல் கொதிக்கும் குதிரையின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றலாமா?

பதில்: தாங்கள் படித்தது, 1955 முதல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பாதைகளில் நடந்துவரும் டெவிஸ் கோப்பைப் பந்தயமாக இருக்க வேண்டும். ஓடும் குதிரையின் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இயக்கத்துக்குப் பயன்படுகிறது, எஞ்சியதெல்லாம் வெப்பமாகிவிடுகிறது. அதை வெளியேற்றுவதற்காகக் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கக்கூடும். (கடிவாள வார் உரசும் இடங்களில் வெள்ளையாக நுரைப்பது அந்த வியர்வையிலுள்ள லேதரின் என்னும் புரதத்தால்தான்.)

நமது வியர்வையில் இரத்தத்தைவிட உப்பு குறைவு என்பதால், வியர்க்க வியர்க்க இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது; அந்த ஏற்றமே மூளையில் தாகத்தைத் தூண்டுகிறது. குதிரையின் வியர்வையோ இரத்தத்துக்கு நிகரான அல்லது அதைவிடச் சற்று அதிகமான உப்புடையது. நீரோடு உப்பும் சேர்ந்தே வெளியேறிவிடுவதால் செறிவு ஏறுவதில்லை. உடல் வற்றிக்கொண்டிருக்கும்போதும் அந்த வாயில்லா ஜீவனுக்குத் தாகம் தோன்றுவதில்லை. ஓட்டம் முடிந்ததும் முதலில் மிதமான உப்புநீர் பருகிய குதிரைகள், பிறகு வெறும் தண்ணீரையும் கூடுதலாகக் குடித்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன.

தாகத்தை நம்ப முடியாததால், பந்தய வழியில் ஆங்காங்கே நிறுத்தி நடத்தும் இடைநிலைச் சோதனைகளில், உடல் வற்றியிருக்கிறதா என்று அறியக் கால்நடை மருத்துவர் குதிரையின் ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி, வெளுத்த இடம் எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று பார்ப்பார். இதயத் துடிப்புக்கு ஒப்ப விலாப்புறம் வெட்டி வெட்டி இழுத்தால், கால்சியம் போன்ற உப்புகள் குறைந்துவிட்டன என்று பொருள். சர்வதேச நெடுந்தூரப் போட்டிகளில், குறித்த நேரத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கு இறங்காத குதிரை மேற்கொண்டு ஓட முடியாது. இவ்விளையாட்டின் விதிகளிலேயே குதிரையின் பக்கம் நிற்கும் விதி இதுதான் என்பேன்.

குளிர்ந்த நீரைத் தாராளமாக ஊற்றலாம். அதனால் தசை இறுகிவிடும் என்ற பழைய அச்சம் ஆதாரமற்றது என்பது, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெக்கையை எண்ணி முன்கூட்டியே நடத்தப்பட்ட ஆய்வுகளில் தெளிவாயிற்று. உடல் முழுவதும் திரும்பத் திரும்ப ஊற்றி, இடையிடையே மெல்ல நடத்திச் செல்ல வேண்டும். ஈரத்துணியைப் போர்த்திவிடுவது மட்டும் கூடாது. அது வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுத்துவிடும்.