கோல் வாங்கிய பிறகு வரும் அந்த ஒரு நிமிடம்

கேள்வி இது: "டீம் மோசமாகத் தோற்றவுடன் 'எங்களிடம் தலைவனே இல்லை' என்று கால்பந்து ரசிகர்கள் சொல்கிறார்களே, அது உண்மையான காரணமா, அல்லது ஆற்றாமையில் வரும் பேச்சா?"

பாதி ஆற்றாமை, பாதி உண்மை. எந்தப் பாதி எது என்று எனக்குப் புரிவதற்குப் பல வருடம் ஆனது.

2023 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை. ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் மான்செஸ்டர் யுனைடெட் 7-0 என்று தோற்ற நாள். நமக்கு ஆட்டம் ஆரம்பித்தது இரவு பத்து மணிக்கு. பாளையங்கோட்டையில் நண்பன் வீட்டு மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து பார்த்தோம். முடியும்போது பன்னிரண்டு. யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு புது பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் டீ சொன்னோம். டீ கைக்கு வருவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"ராய் கீன் போன அன்னைக்கே எல்லாம் போச்சுல" என்றான் ஒருத்தன். கீன் யுனைடெட்டின் பழைய கேப்டன். "புரூனோ கையில போயி பட்டையக் கட்டிவிட்டா? கைய விரிச்சுக்கிட்டு நிக்கான்" என்றான் இன்னொருத்தன். பட்டை என்றால் கேப்டன் கையில் கட்டுவது, அன்று அது புரூனோ கையில் இருந்தது. மூன்றாவது ஆள் பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "தலைவனும் இல்ல ஒண்ணும் இல்லல. டிஃபன்ஸ் சரியில்ல, அவ்வளவுதான்" என்றான். ஒரு மணி வரைக்கும் இதே பேச்சு.

கீனைச் சொன்னவனின் மனசு எனக்குப் புரிகிறது. 1999 ஏப்ரலில் டூரின் நகரில் யுவென்டஸுடன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. பதினொரு நிமிடத்துக்குள் 2-0 என்று பின்தங்கிய டீமை, தலையால் முட்டி முதல் கோல் போட்டு எழுப்பியவர் கீன். அதே ஆட்டத்தில் மஞ்சள் அட்டை வாங்கினார். அத்துடன் இறுதி ஆட்டம் அவருக்கு இல்லை என்றாகிவிட்டது. அது தெரிந்த பிறகும் கடைசி வரை அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அன்று 3-2 என்று ஜெயித்தார்கள்.

ஆனால் கீன் கிளப்பை விட்டுப் போனது 2005 நவம்பரில். அதற்குப் பிறகுதான் 2007, 2008, 2009, 2011, 2013 என்று ஐந்து முறை லீக் பட்டம் வந்தது. 2008ல் மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் வந்தது. கீனுடன் முதுகெலும்பு போயிருந்தால் இதெல்லாம் எப்படி வந்திருக்கும்? மாஸ்கோவில் பட்டை கட்டியிருந்தது ரியோ ஃபெர்டினாண்ட். ஆனால் கோலில் வான் டெர் சார், ஃபெர்டினாண்ட் பக்கத்தில் விடிச், இடது பக்கம் எவ்ரா, நடுவில் ஸ்கோல்ஸ், பெஞ்சிலிருந்து எழுந்து வர கிக்ஸ். பட்டை ஒரு கையில்தான் இருந்தது, குரல் மட்டும் ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்தது.

அந்தக் குரல்கள் அடங்கிய காலம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் 2013, 2014 என்பேன். 2013ல் பயிற்சியாளர் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார், ஸ்கோல்ஸும் அப்போதுதான் ஆட்டத்தை விட்டார். அடுத்த வருடம் விடிச், ஃபெர்டினாண்ட், எவ்ரா மூவரும் வேறு கிளப்புக்குப் போனார்கள், கிக்ஸும் நிறுத்திக்கொண்டார். பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனால் சின்னவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மொத்தமாகப் போனால் யாரைப் பார்ப்பது? அதன் பிறகு ரூனி, கேரிக், வாலென்சியா, யங், மகுவயர், புரூனோ என்று பட்டை கை மாறிக்கொண்டே இருக்கிறது.

இதை நான் டிவி பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. நான் பாளையில் ஒரு சின்ன டீமில் பன்னிரண்டு வருடம் ஆடியவன். எங்கள் பக்கத்து டீம்களுக்கு எல்லாம் ஒரே வியாதிதான். பையன்கள் டிகிரி முடித்ததும் பாதிப் பேர் சென்னைக்குப் போவார்கள், மீதியில் பாதி துபாய், சவுதி. ஜூன் மாதம் மைதானத்துக்குப் போனால் போன வருடம் ஆடியவர்களில் மூன்று பேர் நிற்பார்கள். அப்படி ஒரு வருடம், மிச்சம் இருந்ததில் மூத்தவன் என்பதால் மட்டும் என்னைக் கேப்டன் ஆக்கினார்கள்.

ஒரு செவன்ஸ் போட்டி, அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுவது, அரையிறுதி. 1-0 என்று முன்னால் இருந்தோம். எங்கள் லெஃப்ட் பேக் பதினேழு வயசுப் பையன். அவனுக்குப் பின்னால் ஆள் ஓடி வந்ததை அவன் பார்க்கவில்லை, கோல் விழுந்தது. நான் நடுக்கோட்டில் நின்றபடியே அவனைக் கத்தினேன். என்ன வார்த்தை என்று இங்கே எழுத வேண்டாம். அவன் தலையைக் குனிந்துகொண்டு காலுக்குக் கீழே கிடந்த மண்ணைக் கிளறினான். பந்து வலைக்குள்ளேயே கிடந்தது. கடைசியில் கோலி, அதாவது கோல்கீப்பர்தான் அதைக் காலால் தட்டி அனுப்பினான். அடுத்த ஆறு நிமிடத்தில் இன்னும் இரண்டு கோல், இரண்டும் அதே இடது பக்கத்தில்தான்.

நாலைந்து வருடம் கழித்து அவன் அக்கா கல்யாணத்தில் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் சொன்னான்: "திட்டுனது கூட பரவாயில்லண்ணே. எங்க நிக்கணும்னு யாருமே சொல்லலியே, அதுதான்."

எனக்கு அடுத்து கேப்டன் ஆனவர் உவரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். ஸ்டாப்பர் பேக், அதாவது நடுவில் நின்று தடுப்பவர். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். வாரம் முழுக்கக் கடலுக்குப் போவார், ஞாயிறு மட்டும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் பாளைக்கு வருவார். வேகம் குறைந்துவிட்டது, தலையால் முட்டுவதும் சுமார்தான். ஆனால் கோல் வாங்கினால் அவரே வலைக்குள் போய்ப் பந்தை எடுப்பார். ஓட மாட்டார், நடப்பார். முதலில் கோலியின் தோளில் ஒரு தட்டு. அப்புறம் வரும் வழியில் ஒவ்வொருத்தனிடமும் ஒரே ஒரு வாக்கியம். "மக்கா, நீ ரெண்டு எட்டு உள்ள வா." "அவன் வலது காலுக்காரன், அந்தப் பக்கம் விடாத." "நீ இப்ப மேல போவாத, அஞ்சு நிமிசம் போட்டும்." நடுக்கோட்டில் பந்தை வைக்கும்போது ஆறு பேருக்கும் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். யாரையும் அவர் கத்தி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவனிடம் பேச்சே அந்தத் தப்பைப் பற்றி இருக்காது, அடுத்த பந்தைப் பற்றித்தான் இருக்கும். அவருடன் ஆடிய இரண்டு வருடத்தில் தோற்றிருக்கிறோம். ஆனால் ஒரு கோல் வாங்கிய கையோடு இன்னொன்று வாங்கியது அபூர்வம்.

இதே காட்சியை உலகக் கோப்பைக் கதைகளில் இரண்டு இடத்தில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. 1950ல் மரக்கானா மைதானத்தில் பிரேசில் முதல் கோல் போட்டதும், உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆஃப்சைடு என்று நடுவரிடம் வாதாடிக்கொண்டே நின்றார். அத்தனை பெரிய கூட்டத்தின் ஆர்ப்பரிப்பு கொஞ்சம் அடங்கும் வரை பந்தை விடவில்லை. உருகுவே 2-1 என்று ஜெயித்தது. 1958 இறுதி ஆட்டத்தில் ஸ்வீடன் நான்காவது நிமிடத்திலேயே கோல் போட்டது. பிரேசிலின் டிடி பந்தை எடுத்துக்கொண்டு மெதுவாக நடுவட்டத்துக்கு நடந்து வந்தார். பிரேசில் 5-2 என்று ஜெயித்தது. அந்த டீமின் கேப்டன் பெலினி. பந்தோடு நடந்த டிடி கையில் பட்டை இல்லை!

அதே பிரேசில் 2014ல் சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்றதே, அதில் 23, 24, 26, 29 ஆகிய நிமிடங்களில் நாலு கோல். கேப்டன் தியாகோ சில்வா தடையில் வெளியே, நெய்மர் காயத்தில் வெளியே. இரண்டாவது கோலுக்கும் ஐந்தாவது கோலுக்கும் நடுவில் யாராவது ஒருத்தர் ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரையும் பின்னால் கூப்பிட்டு நிற்க வைத்திருக்க வேண்டும். அந்த ஆள் களத்தில் இல்லை. அதைத்தான் தலைமை இல்லாத தோல்வி என்று நான் சொல்வேன்.

ஆன்ஃபீல்டுக்கு வருகிறேன். முதல் கோல் விழுந்தது 43வது நிமிடத்தில், அது தற்காப்புப் பிழை. அதற்குத் தலைமையைக் குறை சொல்வது நியாயமில்லை. பெஞ்சில் சாய்ந்திருந்த நண்பன் சொன்னது அதுவரை சரி. இடைவேளை முடிந்து 47, 50 ஆகிய நிமிடங்களில் அடுத்தடுத்து இரண்டு விழுந்தனவே, அங்கேதான் கேள்வி. அதற்கு மேல் இன்னும் நாலு. 3-0 என்று தோற்றிருந்தால் அது ஒரு கெட்ட நாள், அவ்வளவுதான். மூன்றை ஏழாக்கியதற்கு என் பதில் தலைமை இல்லாததுதான். அதையும் புரூனோ ஒருவர் தலையில் போட மாட்டேன். களத்தில் இருந்த பதினொரு பேரில் ஒருவர்கூட ஆட்டத்தைக் கொஞ்சம் ஆறப்போடவில்லை.

நான்கே நாள் கழித்து அதே பதினொரு பேரை, அதே கேப்டனோடு, பயிற்சியாளர் டென் ஹாக் மறுபடி இறக்கினார். ரியல் பெட்டிஸை 4-1 என்று ஜெயித்தார்கள், புரூனோவும் ஒரு கோல் போட்டார். அதனால் 'தலைவனே இல்லாத டீம்' என்று ஒரேயடியாக முத்திரை குத்துவதை நான் விட்டுவிட்டேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நாம் பார்ப்பதெல்லாம் டிவியில். கோல் விழுந்தவுடன் கோல் போட்டவர்களின் கொண்டாட்டத்தைக் காட்டுவார்கள், அப்புறம் மூன்று கோணத்தில் ரீப்ளே. திரும்பி வரும்போது பந்து நடுவட்டத்தில் இருக்கும். தலைமை இருந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளக்கூடிய அந்த ஒரு நிமிடம் நம் கண்ணுக்கு வருவதே இல்லை. பட்டையும், குளோசப்பில் ஒரு கடுகடுத்த முகமும்தான் வருகின்றன. அதை வைத்துக்கொண்டு டீக்கடையில் இரவு ஒரு மணி வரை பேசுகிறோம்.

நீங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்றால் ஒரு ஞாயிறு சாயங்காலம் பாளையில் எந்த மேட்ச் நடந்தாலும் போய்ப் பாருங்கள். நடுக்கோட்டுப் பக்கம் உட்காராமல், கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள். கோல் விழுந்ததும் கத்துகிறவர்களை விட்டுவிட்டு, வலைக்குள் கிடக்கிற பந்தை யார் எடுக்க வருகிறார்கள், எடுத்துக்கொண்டு போகிற வழியில் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.