பழைய வாட்ச்ல பார்ட்ஸ் மாத்தினா தப்பா? கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. பழைய வாட்ச், அதுல மாத்தின டயல், முள், கேஸ், மிஷின் இதப்பத்தி என்ன வேணா கேளுங்க. போட்டோ பார்த்து விலை மட்டும் சொல்ல மாட்டேன்.

கே: அண்ணே, எச்எம்டி பைலட், ஆரஞ்சு டயல், 1970கள்ல வந்த ஒரிஜினல்னு ஆன்லைன்ல ஒருத்தர் விக்கிறார். புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. வாங்கலாமா?

ப: அந்த டயல் ஃபேக்டரில அடிச்சது இல்ல தம்பி. அந்தக் காலத்து பைலட்னா கருப்பு டயல்தான். பழைய டயலச் சுரண்டி பெயின்ட் அடிச்சு மேல புதுசா பிரிண்ட் பண்ணிடறாங்க, வெளிநாட்டு கலெக்டர்ஸ் இதத்தான் மும்பை ஸ்பெஷல்னு சொல்றாங்க. லென்ஸ் வச்சுப் பாருங்க, எழுத்தோட ஓரம் பிசிறடிக்கும், நிமிஷக் கோடு ஒரே இடைவெளில இருக்காது. உள்ள இருக்கற மிஷின் பெரும்பாலும் நிஜம்தான், 1961ல சிட்டிசன் கூட்டுல பெங்களூர்ல போட ஆரம்பிச்ச பரம்பரை, சர்வீஸ் பண்ணா நல்லாவே ஓடும். கலர் புடிச்சிருக்கா, ஓடற வாட்ச்சுக்கு உண்டான காசக் குடுத்து வாங்குங்க. ஒரிஜினல்ங்கற வார்த்தைக்குத் தனியா காசு குடுக்காதீங்க.

கே: சீக்கோ 6139, மஞ்சள் டயல். பின்மூடில 6139-6005னு இருக்கு, டயல் அடில 6009டின்னு பொடி எழுத்துல இருக்கு. டயல மாத்திட்டாங்களா சார்?

ப: நிம்மதியா இருங்க, இது நிறைய பேருக்கு வர்ற பயம். முதல் நாலு எண் மிஷின் நம்பர். பின்மூடி, டயல், உள்ள மிஷின் மூணுலயும் அது ஒத்துப் போகணும். அதுக்கப்புறம் வர்றது மூடில கேஸோட நம்பர், டயல்ல டயலோட நம்பர், ரெண்டும் வேற வேற கணக்கு. 6005 கேஸ்ல 6009டி டயல் ஃபேக்டரிலயே சேர்ந்து வந்த ஜோடிதான். 1973ல ஸ்கைலேப் 4 விண்வெளிப் பயணத்துல அமெரிக்க வீரர் வில்லியம் போக் கைல கட்டிட்டுப் போனது இந்த மாடல்தான், அதனாலதான் இதுக்கு இவ்வளவு கிராக்கி, இவ்வளவு கலப்படமும். அடுத்து பின்மூடில இருக்கற சீரியல் நம்பர் பாருங்க. முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி எண், ரெண்டாவது இலக்கம் மாசத்தக் காட்டும், அக்டோபர் நவம்பர் டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி. 4என்னு ஆரம்பிச்சா 1974 நவம்பர். ஆரம்ப கால டயல்ல வாட்டர் 'ப்ரூஃப்'னு இருக்கும், பிறகுதான் 'ரெசிஸ்ட்'னு மாத்தினாங்க. சீரியல் 1969னு சொல்லி டயல் ரெசிஸ்ட்னு சொன்னா மூடியோ டயலோ ஒண்ணு வேற வாட்ச்லேர்ந்து வந்திருக்கு. உள்ள சுத்தற ரிங்கயும் விட்டுடாதீங்க, புது ரிங், புது டயல் எல்லாம் தனியாவே விக்கிறாங்க.

கே: என் வாட்ச் டயல்ல டின்னு போட்டிருக்கு, 70கள்ல வந்தது, ராத்திரி முழுக்க பளிச்சுனு மின்னுது. சூப்பர்ல?

ப: புதுசா லூம், அதாவது இருட்டுல மின்னற பூச்சு, பூசியிருக்காங்க. டின்னா டிரிட்டியம், அது 12 வருஷத்துல பாதியாயிடும், இத்தன வருஷம் கழிச்சு அப்படி மின்னாது.

கே: எச்எம்டி ஜனதா, ஊதா டயல், ஒரிஜினலா?

ப: முதல் பதில்.

கே: தாத்தாவோட 1950கள் ஸ்விஸ் வாட்ச், முள்ளுல பழுப்பா பொருக்கு தட்டியிருக்கு, ஊசியால சுத்தம் பண்ணலாமா?

ப: தொடாதீங்க! அந்தக் காலத்து லூம் ரேடியமா இருக்க வாய்ப்பு அதிகம். மின்னறது நின்னதால கதிர்வீச்சும் நின்னுடுச்சுன்னு நெனைக்காதீங்க, மின்னற ரசாயனம்தான் செத்துப்போச்சு, ரேடியம் பாதியாகவே 1600 வருஷம் ஆகும். தூளு மூக்குல போகக்கூடாது. வீட்டுல மூடியே தெறக்காதீங்க.

கே: டைட்டன் குவார்ட்ஸ், பேட்டரி மாத்தியும் ஓடல.

ப: பக்கத்துல சர்வீஸ் சென்டர்ல குடுங்கம்மா, இங்க அது வேணாம்.

கே: அண்ணே மனசுல பட்டத சொல்றேன். இந்த ஒரிஜினல் வெறி காசுள்ளவங்க கெளப்பி விட்டது. நம்மூர்ல ஸ்பேர் கெடைக்காத காலத்துல ரெண்டு செத்த வாட்ச்ச வச்சு ஒண்ண ஓட வச்சாங்க. அதப் போயி பிராங்கன், அதாவது பல வாட்ச் பார்ட்ஸ் சேர்த்து ஒட்டினதுன்னு கேவலப்படுத்தறீங்க.

ப: பாதிக்கு நானும் உங்க கட்சிதான் தம்பி. அப்பா கட்டின வாட்ச்ல முள் உடைஞ்சு வாட்ச்காரர் வேற முள் போட்டுக் குடுத்தார்னா அது அந்த வாட்ச்சோட வாழ்க்கை, அத ஒருத்தரும் கொறை சொல்லக்கூடாது. கிளாஸ், சாவி, மெயின்ஸ்பிரிங் எல்லாம் தேயற சாமான், மாத்தித்தான் ஆகணும். நான் சண்ட போடறது விக்கறப்ப மறைக்கறவங்களோட மட்டும்தான்.

கே: (அதே தம்பி) வாங்கறவன் கேட்டா சொல்லலாம். கேக்கலன்னா எதுக்கு வலியப் போய்ச் சொல்லணும்? எல்லாமே அதே கம்பெனி பார்ட்ஸ்தானே?

ப: இங்கதான் எனக்குக் கோவம் வருது. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் சிகே2915-1, அந்த மாடல் வந்தது 1957ல, டயல் பழுப்பு ஏறினது ஒண்ணு 2021 நவம்பர்ல ஜெனிவா ஏலத்துல 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல போச்சு. வாங்கினது ஒமேகாவேதான், தன்னோட மியூசியத்துக்கு. 2023ல அவங்களே சொன்னாங்க, அது பல இடத்துப் பார்ட்ஸ் சேர்த்துக் கட்டினது, தன்னோட முன்னாள் ஊழியர்களுக்கும் அதுல தொடர்பு இருக்குன்னு. செஞ்ச கம்பெனி கண்ணுலயே மண்ணத் தூவ முடியுதுன்னா முதல் சம்பளத்துல பழைய வாட்ச் வாங்கற பையன் என்ன கேள்வின்னு கேப்பான்? அவனுக்கு எதக் கேக்கணும்னே தெரியாது, தெரிஞ்சவன்தான் சொல்லணும். இன்னொண்ணு, ரோலக்ஸ் 6239ல சாதா டயல் இருந்தா ஒரு விலை, ஹாலிவுட் நடிகர் பேர்ல சொல்ற பால் நியூமன் டயல் இருந்தா பல மடங்கு. அந்த ஆசைல டயல இங்கேர்ந்து அங்க மாத்தினா ரெண்டு வாட்ச்சோட கதையும் அழிஞ்சு போகுது, ஃபேக்டரி எந்த நம்பர்ல என்ன போட்டுதுன்னு நாளைக்குத் தேடறவனுக்குக் கெடைக்கறது பொய்த் தகவல்.

கே: (அதே தம்பி) சரிண்ணே, விக்கறப்ப சொல்லிடறேன். ஆனா விலை கொறையுமே.

ப: கொறையும். அதுதான் அதோட விலை.

கே: சார், பச்சை டயல் எச்எம்டி...

ப: முதல் பதில், முதல் பதில். மேல படிச்சுட்டுக் கேளுங்கப்பா, ப்ளீஸ்.

கே: டயல் ரொம்ப மோசம், ரீபிரிண்ட் பண்ணலாம்னு இருக்கேன். அப்பாவோட ஃபேவர் லூபா, விக்கற எண்ணம் இல்ல.

ப: கறை இருந்தாலும் எழுத்து படிக்க முடியுதுன்னா விட்டுடுங்கன்னுதான் சொல்வேன், சுரண்டினா திரும்ப வராது. இல்ல, மாத்தியே ஆகணும்னா அதே மாடல் டயல் வேற ஒண்ணு தேடிப் போடுங்க, கழட்டின டயல வாட்ச்காரர்கிட்ட கேட்டு வாங்கி, என்ன மாத்தினது, எந்தத் தேதின்னு சீட்டு எழுதி ஒரே கவர்ல போட்டு வாட்ச் கூடவே வைங்க. முள்ளுல பழைய லூம் இருந்தா ரேடியமான்னு முதல்ல அவர்கிட்ட கேளுங்க.