கணினித் தொழில் கேள்வி பதில்: கற்பித்தல், தரம், நிரலர் தொடர்பு

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக மென்பொருள் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். வாரத்தில் இரண்டு மாலைகள் தனியார் கல்லூரி ஒன்றில் பகுதி நேரமாக நிரலாக்கம் கற்பிக்கிறேன். என் நிறுவனத்தில் அஜைல் முறையில், அதாவது மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக உருவாக்கி அடிக்கடி சரிபார்க்கும் முறையில், வேலை செய்யும் குழுக்களுக்குத் தர வழிகாட்டியாக இருக்கும்படி கேட்கிறார்கள். இதற்கிடையில் வேறொரு நிறுவனம், தன் கருவிகளை வெளியிலுள்ள நிரலர்களிடம் கொண்டுசெல்லும் பணிக்கு என்னை அழைக்கிறது. மூன்றிலும் எனக்கு விருப்பம் உண்டு. “பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்று என் தாயார் எச்சரிக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, பினாங்கு

பதில்: சகோதரி, உங்கள் தாயாரின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பழமொழி உங்களுக்குப் பொருந்த வேண்டுமானால், நீங்கள் குறிப்பிடும் மூன்றும் மூன்று வெவ்வேறு மரங்களாக இருக்க வேண்டும். இந்த மூன்று வேலைகளையும் வெவ்வேறு காலங்களில் செய்து பார்த்தவன் என்ற முறையில், அவை ஒரே மரம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். ஒருவர் செய்த தவற்றை, அது சிறிதாக இருக்கும்போதே அவரே கண்டுகொள்ளும்படி செய்வதுதான் மூன்றிலும் நம் வேலை. வகுப்பறையில் அந்த ஒருவர் மாணவர். அலுவலகத்தில் அவர் பக்கத்து இருக்கைப் பொறியாளர். நிரலர் தொடர்புப் பணியிலோ பெரும்பாலும் அந்த ஒருவர் நாமேதான், ஏனென்றால் நம் கருவியில் உள்ள குறையை வெளியார்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இந்தத் துறையின் வரலாறும் அப்படித்தான் இருக்கிறது. ஜாவா என்ற கணினி மொழியில் எழுதுவோர் அறிந்த, நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியின் முதல் வடிவத்தை, 1997இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஒரே கணினியின் முன் சேர்ந்து அமர்ந்து எழுதினார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபர்டில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதியபோது பெக்கும் அவர்களில் ஒருவர். அங்கே கூடியவர்களில் பலர், நிரல் எழுதிக்கொண்டே பிறருக்குப் பயிற்சியளித்தும் மாநாடுகளில் பேசியும் வந்தவர்கள். சோதனை எழுதுவது ஒருவர் வேலை, கற்பிப்பது வேறொருவர் வேலை, மேடையில் விளக்குவது மூன்றாமவர் வேலை என்று பிரித்துவைத்தது பிற்கால நிறுவனங்களின் பதவிப் பட்டியல்தான்.

என் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் நிறுவனத்தின் தேடல் கருவி ஒன்றைப் பற்றி ஜார்ஜ்டவுனில் ஒரு மாலைக் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஓர் இளைஞர் அருகில் வந்து தமிழில் கேட்டார்: “ஐயா, எங்கள் ஆலய உறுப்பினர் பட்டியலில் கோபால் என்று தேடினால் சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. எழுத்துப்பிழை எதுவும் இல்லையே, ஏன்?” அவருடைய மடிக்கணினியில் இரண்டு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டிலும் கோ, பா, ல் என்று மூன்று எழுத்துகள். கணினியிடம் எண்ணச் சொன்னால் ஒன்றில் 6 குறியீடுகளும் மற்றொன்றில் 7 குறியீடுகளும் இருந்தன. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் யூனிகோட் முறையில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்பது யூனிகோட் விதி. எங்கள் கருவி அந்த விதியைக் கவனிக்காமல் குறியீடுகளை அப்படியே ஒப்பிட்டுக்கொண்டிருந்தது.

அன்றிரவே விடுதி அறையில் அமர்ந்து, அந்த இரண்டு கோபால்களும் சமமாக வேண்டும் என்று ஒரு சோதனையை எழுதினேன். அது தோற்றது. தோற்கும் அந்தச் சோதனையைத்தான் மறுநாள் குழுவிடம் கொடுத்தேன். நீண்ட விளக்கக் கடிதம் எதுவும் தேவைப்படவில்லை. ஒப்பிடுவதற்கு முன்பு இரண்டு சொற்களையும் ஒரே இயல்பு வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்ததும் சோதனை வென்றது. பின்னர் அதே இரண்டு பெயர்களைக் கல்லூரி வகுப்பில் திரையில் காட்டி, “இவை சமமா?” என்று கேட்டுத்தான் எழுத்துக் குறியீடு பற்றிய பாடத்தைத் தொடங்கினேன். அந்த இளைஞர் கேட்ட ஒரு கேள்வி, கூட்டத்திலிருந்து சோதனைக்கும், சோதனையிலிருந்து வகுப்பறைக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்று வேலைகளையும் நான் பிரித்து வைத்திருந்தால், அது கூட்ட அரங்கின் வாசலிலேயே நின்றிருக்கும்.

இனி, எதை முதலில் ஏற்பது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். தர வழிகாட்டிப் பணியை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. அதற்கு ஒரு நிபந்தனை விதியுங்கள்: ஏதேனும் ஒரு குழுவில் உறுப்பினராக இருந்து, வாரத்தில் இரண்டு நாளாவது நிரல் எழுத உங்களை அனுமதிக்க வேண்டும். அந்த அனுமதி இல்லாத வழிகாட்டி, சில மாதங்களில் கூட்ட அட்டவணையைப் பராமரிப்பவராகிவிடுவார். காலைக் கூட்டத்தில் எல்லோரும் நின்றுகொண்டு பேசுகிறார்களா, பலகையில் ஒட்டுத்தாள்கள் நகர்கின்றனவா என்று பார்ப்பது தரம் ஆகாது. ஒரு பொறியாளர் ஒரு வரியை மாற்றினால், அது எதையேனும் உடைத்துவிட்டதா என்பது அவருக்கு எத்தனை நிமிடத்தில் தெரிகிறது என்று கேளுங்கள். பத்து நிமிடத்துக்குள் தெரிந்தால் அந்தக் குழு நலமாக இருக்கிறது. மூன்று வாரம் கழித்து வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிகிறது என்றால், உங்கள் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும்.

கல்லூரி வகுப்பை விட்டுவிடாதீர்கள். ஆனால் இரண்டு மாலைகளை ஒன்றாகக் குறைத்து, ஒரே பாடத்தைப் பல பருவங்களுக்குத் தொடர்ந்து நடத்துங்கள். ஒவ்வொரு பருவமும் புதுப் பாடம் எடுப்பவருக்குத் தயாரிப்பிலேயே காலம் போய்விடும். வேலை ஒப்பந்தத்தில் வெளிப்பணிக்கு எழுத்து மூலம் ஒப்புதல் வேண்டும் என்று இருந்தால், அதை இப்போதே பெற்றுவிடுங்கள். நிரலர் தொடர்புப் பணி இரண்டு ஆண்டுகள் காத்திருக்கட்டும். குழுக்களோடு உழன்று, தோல்விகளைப் பார்த்த பிறகு அந்தப் பணிக்குச் செல்பவரிடம் சொல்வதற்குச் செய்தி இருக்கும். நேரே செல்பவரிடம் நிறுவனம் கொடுத்த படவில்லைகள் மட்டுமே இருக்கும்.

கேள்வி: கல்லூரியில் மென்பொருள் சோதனை கற்பிக்கிறேன். சோதனையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு நிரலை எழுத வேண்டும் என்று எவ்வளவு சொன்னாலும், மாணவர்கள் நிரலை முடித்துவிட்டு மதிப்பெண்ணுக்காகக் கடைசி நாளில் சோதனைகளை ஒட்டவைக்கிறார்கள். இதை மாற்ற வழி உண்டா?
- விரிவுரையாளர், கோலாலம்பூர்

பதில்: நானும் பல பருவங்கள் இதே நிலையில் இருந்தேன். இரண்டு எண்களைக் கூட்டும் கணிப்பானை எடுத்துக்காட்டாகக் கொடுத்து, அதற்குச் சோதனை எழுதச் சொல்வேன். கூட்டல் சரியாக வரும் என்பது மாணவர்களுக்கு முன்பே தெரியும். விடை தெரிந்த இடத்தில் சோதனை எதற்கு என்று அவர்கள் நினைத்ததில் தவறில்லை. தவறு என் எடுத்துக்காட்டில் இருந்தது. விதி எல்லோருக்கும் தெரிந்ததுபோல் தோன்றி, எழுத உட்கார்ந்தால் சந்தேகம் எழும் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் மலேசியாவில் அப்படிப்பட்ட ஒன்று ஒவ்வொரு கடைக் கல்லாவிலும் இருக்கிறது.

2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகச் செலுத்தும் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்கிறோம் அல்லவா? அதையே பாடமாக்கினேன். இருவருக்கு ஒரு மடிக்கணினி. ஒருவர் சோதனை எழுத வேண்டும், மற்றவர் அது வெல்லும் அளவுக்கு மட்டும் நிரல் எழுத வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். முதல் சோதனை: 12 ரிங்கிட் 42 சென் என்றால் 12 ரிங்கிட் 40 சென் வர வேண்டும். ஒரு மாணவி கணக்கே போடாமல் 12.40 என்று நேரடியாகத் திருப்பித் தந்தார். வகுப்பு சிரித்தது. சோதனையோ வென்றது. அவருடைய இணை உடனே 12.43 என்றால் 12.45 வர வேண்டும் என்று அடுத்த சோதனையை எழுதினார். அதன் பிறகு 12.47, பிறகு 12.48. நான்காவது சோதனைக்குள் சரியான விதி தானாகவே நிரலில் உருவாகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் பாடம் சூடுபிடித்தது. 1 ரிங்கிட் 2 சென் விலையுள்ள பொருள்கள் மூன்று வாங்கினால் எவ்வளவு? ஒவ்வொன்றையும் தனியே சரிசெய்த இணைக்கு 3 ரிங்கிட் வந்தது. மொத்தத் தொகையான 3 ரிங்கிட் 6 சென்னைச் சரிசெய்த இணைக்கு 3 ரிங்கிட் 5 சென் வந்தது. எது சரி என்று வாக்குவாதம் எழுந்தபோது, மினி மார்க்கெட் ஒன்றில் பகுதி நேரமாகக் கல்லாவில் நிற்கும் மாணவர் ஒருவர் பின்வரிசையிலிருந்து கைதூக்கினார். “மொத்தத்தைத்தான் சரிசெய்ய வேண்டும் சார். அதுவும் ரொக்கத்துக்கு மட்டும். கார்டில் கட்டினால் 3 ரிங்கிட் 6 சென்னேதான்” என்றார். அந்தப் பருவம் முழுவதும் வாய் திறக்காதவர் அவர். வாடிக்கையாளரின் தொழிலை அறிந்தவர் குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அஜைல் ஏன் வற்புறுத்துகிறது என்பதை, என் விரிவுரைகள் எதையும்விட அந்தப் பதில் அவர்களுக்குத் தெளிவாக உணர்த்தியது.

சில இணைகளுக்குத் தசம எண்களால் வேறொரு தொல்லை வரும். பெரும்பாலான கணினி மொழிகளில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் மிகச் சரியாக 0.3 கிடைப்பதில்லை. அப்போது பணத்தை ரிங்கிட்டில் வைக்காமல் 306 என்று முழுச் சென்னாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்; சோதனை தோற்று அவர்கள் திகைத்த பிறகு சொன்னால்தான் மனத்தில் நிற்கும்.

மதிப்பெண் முறையையும் நீங்கள் மாற்ற வேண்டும். முடிந்த நிரலுக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால், கடைசி நாளில் ஒட்டவைக்கும் பழக்கம் போகாது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் மாணவர்கள் படிப்படியாகச் சேமித்த வரலாற்றைப் பார்த்தால், சோதனை முதலில் வந்ததா, நிரல் முதலில் வந்ததா என்பது வரிசையாகத் தெரியும். மொத்த மதிப்பெண்ணில் பாதியை அந்த வரலாற்றுக்கு ஒதுக்குங்கள். வரலாற்றை வாசிப்பதற்கு உங்களுக்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும், எந்த மாணவர் எந்த இடத்தில் தடுமாறினார் என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டும் விடைத்தாளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கேள்வி: கணினி அறிவியல் படித்த என் மகன் கோலாலம்பூரில் மூன்று ஆண்டுகளாக நல்ல வேலையில் இருக்கிறான். இப்போது “டெவலப்பர் அட்வகேட்” என்ற பதவிக்கு மாறப் போவதாகச் சொல்கிறான். ஊர் ஊராகப் போய்ப் பேசும் வேலையாம். படித்த படிப்பை விட்டுவிட்டு விற்பனைக்குப் போகிறானோ என்று கவலையாக இருக்கிறது.
- தந்தை, பட்டர்வொர்த்

பதில்: ஐயா, இது விற்பனை வேலை அன்று; முதல் பதிலில் நான் சொன்ன நிரலர் தொடர்புப் பணிதான். 1984இல் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் கணினியை வெளியிட்டபோது, அதற்கு மென்பொருள் எழுத வெளி நிரலர்கள் முன்வராவிட்டால் அதை வாங்குபவருக்குப் பயன் இருக்காது என்ற நிலை இருந்தது. அந்த நிரலர்களைத் தேடிச் சென்று விளக்கி ஊக்குவிப்பதற்காகவே ஆப்பிள் சிலரை அமர்த்தியது. அவர்களுள் கை கவாசாக்கி என்பவர் பலரும் அறிந்தவர். உங்கள் மகன் ஏற்கவிருக்கும் பதவி அந்த வழியில் வந்தது. விற்பனையாளர் பணம் கொடுப்பவரிடம் பேசுகிறார். உங்கள் மகன் நிரலைத் தட்டெழுதப் போகிறவரிடம் பேசுவார். பேசுவதற்கு முன்பு மாதிரி நிரலை எழுதி, புதிய கணினி ஒன்றில் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்ப்பதும், பேசிய பிறகு கேட்ட குறைகளைத் தன் நிறுவனத்துப் பொறியாளர்களிடம் கொண்டுசேர்ப்பதும்தான் அவருடைய வாரத்தில் பெரும்பகுதியாக இருக்கும்.

ஆயினும் ஒன்றை அவரிடம் கேளுங்கள்: அந்த நிறுவனத்தில் அவர் பொறியியல் பிரிவின் கீழ் வருகிறாரா, விளம்பரப் பிரிவின் கீழ் வருகிறாரா? விளம்பரப் பிரிவின் கீழ் என்றால், எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்தே அவரை அளப்பார்கள். செலவைக் குறைக்கும் காலத்தில் அந்த இருக்கைதான் முதலில் ஆடும். பொறியியல் பிரிவின் கீழ் என்றால் நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. தமிழிலும் விளக்கும் திறன் அவருக்கு இருக்குமானால், அதைக் கைவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். 2001இலும் 2013இலும் உலகத் தமிழ் இணைய மாநாடுகள் கூடிய ஊர் கோலாலம்பூர். கணினியில் தமிழில் தட்டெழுத உதவும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். கணினியைத் தமிழில் விளக்கிக் கேட்க இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கேள்வி: மென்பொருள் சோதனையாளர்களுக்கான ஐஎஸ்டிகியூபி அடிப்படைச் சான்றிதழ் பெற்றால், தரப் பிரிவில் வேலையும் நிறுவனங்களில் பயிற்சியளிக்கும் வாய்ப்பும் கிடைக்குமா?
- வாசகர், செந்தூல்

பதில்: அது 40 கேள்விகள் கொண்ட தேர்வு, 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. சோதனைத் துறையின் சொற்களை ஒழுங்காக அறிந்துகொள்ள அது உதவும் என்பதால் எழுதலாம். பயிற்சியளிப்பது வேறு வழி. மலேசியத் தொழிலாளர்கள் 10 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை தொழிலாளர் பயிற்சிக்கான எச்ஆர்டி கார்ப் என்ற அமைப்புக்கு லெவியாக, அதாவது கட்டாயக் கட்டணமாக, செலுத்துகின்றன. அந்த நிதியில் நடக்கும் பயிற்சிகளை நடத்த, அந்த அமைப்பின் பயிற்றுநர் அங்கீகாரத்தைத் தனியே பெற வேண்டும். வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்போது, சான்றிதழோடு நீங்களே கண்டுபிடித்த பிழை ஒன்றையும், அதைப் பிடிக்க நீங்கள் எழுதிய சோதனையையும் மடிக்கணினியில் எடுத்துச் செல்லுங்கள். நான் நேர்காணல் செய்யும் இடத்தில், முதலில் அதைத்தான் திறந்து காட்டச் சொல்வேன்.