போன் இல்லாவிட்டால் விளையாடத் தெரியவில்லை: கற்பனை குறைந்துவிடுமா?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 4 வயது. கணவர் கட்டாரில். நான் ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதால் பகலில் என் அம்மாதான் அவனைப் பார்க்கிறா. சாப்பாடு தீத்தவும் ஓரிடத்தில் இருத்தவும் போன்தான். நாளுக்கு நாலைந்து மணித்தியாலம் பார்ப்பான். போனை வாங்கினால் என்ன செய்வதென்று தெரியாமல் காலுக்குள்ளேயே நிற்கிறான். விளையாடினாலும் கார்ட்டூனில் வருவதைத்தான் சொல்கிறான். கற்பனையே இல்லாமல் போய்விடுமா? ஓட்டிசம் வரும் என்றும் பயப்படுத்துகிறார்கள்.

பதில்: போன் பார்ப்பதால் ஓட்டிசம் வரும் என்று நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

கார்ட்டூனில் வருவதைச் சொல்வதும் நோயல்ல. முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், மறுநாள் ஒரு கம்பி வளையத்தைச் சிலம்பாக்கி முற்றத்தில் ஆடியதும் பார்த்ததைத் திருப்பிச் செய்ததுதான். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அவன் கதையை மாற்றுகிறானா? கார்ட்டூன் வீரனை உழவு மெசினில் ஏற்றி வயலுக்கு அனுப்புகிறானா, அம்மம்மாவைப் பூதமாக்குகிறானா? அப்படியென்றால் கற்பனை நன்றாகவே வேலை செய்கிறது. அதே வசனம், அதே வரிசை, இடையில் நீங்கள் ஒரு பாத்திரமாக நுழைந்தாலும் மாறவில்லை என்றால், பழக்கம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழக்கம் என்றுதான் சொல்கிறேன். ஒன்றை இன்னொன்றாக நினைத்து விளையாடுவது ஒன்றரை வயதளவில் தொடங்குகிறது. இரண்டு வயதுக்குப் பிறகு தடி குதிரையாகிறது. மூன்று, நான்கு வயதில் டொக்டர், ரீச்சர், கடைக்காரர் எல்லோரும் வருகிறார்கள். இதற்கு வெறும் நேரமும் பேச ஓர் ஆளும் வேண்டும். போன் எடுத்துக்கொள்வது இந்த இரண்டையும்தான். வீடியோவில் படமும் குரலும் அடுத்து என்ன நடக்கும் என்பதும் தயாராக வருகின்றன. பிள்ளை நிரப்ப இடமே இல்லை.

அமெரிக்காவில் 4 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. வேகமாக ஓடும் கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்தவர்கள், அதே நேரம் படம் வரைந்தவர்களைவிட, உடனே வைத்த கவனம், பொறுமை சார்ந்த சோதனைகளில் பின்தங்கினார்கள். அது உடனடி விளைவு மட்டும், நிரந்தரக் கேடு என்று யாரும் காட்டவில்லை. ஆனாலும் போனை வாங்கியதும் அவன் ஏன் திக்குமுக்காடி நிற்கிறான் என்பது விளங்கும். இன்னொன்று, யாரும் பார்க்காமல் ரீவி சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுத் துண்டு துண்டாகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். நாடகம் பார்க்கிற அம்மம்மாவிடம் இதை நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்!

அவவைக் குறை சொல்லாதீர்கள். கட்டில்லாத கிணறு, பாம்பு, வீதியில் பறக்கும் வாகனம். அதோடு கண்ணிவெடிப் பயத்தோடு வாழ்ந்த தலைமுறை அது, பிள்ளையை வேலிக்கு வெளியே விடத் தயங்கத்தான் செய்யும். வேலிக்குள்ளேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு, 3, 4 வயதுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் ஒரு மணித்தியாலம். குறைந்தால் நல்லது. நாலைந்திலிருந்து ஒரே நாளில் அங்கே போக முடியாது. முதலில் சாப்பாட்டு நேரப் போனை நிறுத்துங்கள். சில நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். சுகமாக இருக்கிற பிள்ளை பசித்தால் சாப்பிடும். அழுகை தாங்காமல் மூன்றாம் நாள் கொடுத்தீர்களென்றால், அழுதால் கிடைக்கும் என்று படித்துக்கொள்வான். அடுத்து, படுக்க ஒரு மணித்தியாலம் முன்பே போனை அணைத்துவிடுங்கள். இந்த வயதுக்கு 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கம் வேண்டும்.

விளையாட்டுச் சாமான் வாங்கிக் குவிக்க வேண்டாம். சிரட்டை, ஈரமண், ஈர்க்கு, பழைய சாரத்தைக் கதிரைகளின் மேல் போட்டால் ஒரு வீடு. பனங்காய்க் காலத்தில் வண்டில். தொடக்கத்தில் ஒரு பத்து நிமிடம் கூட இருந்து, "கடையில சீனி இருக்கா?" என்று கேட்டுத் தொடக்கிவிட்டு மெல்ல விலகுங்கள். "அலுப்பா இருக்கு" என்று வந்து நின்றால் உடனே ஏதாவது கொடுத்துச் சமாளிக்க வேண்டாம், கொஞ்சம் அலுக்கட்டும். இரவில் அம்மம்மா நரிக்கதை சொன்னால், நரியை இரணைமடுக் குளக்கட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "பிறகு எங்க போயிருக்கும்?" என்று அவனிடமே கேட்கச் சொல்லுங்கள்.

அப்பாவோடு வீடியோவில் கதைப்பதை மட்டும் குறைக்காதீர்கள். அது கார்ட்டூன் பார்ப்பது போலல்ல, எதிரில் பதில் சொல்லும் ஆள் இருக்கிறார். மகனின் கடைக்கு அவர் கட்டாரிலிருந்தே சாமான் ஓடர் பண்ணலாம்.

கூப்பிட்டால் திரும்பாமை, கண்ணைப் பார்க்காமை, விரும்பியதைச் சுட்டிக் காட்டாமை, சொந்தமாக வசனம் அமைத்துப் பேசாமை, முன்பு பேசிய சொற்கள் மறைந்து போதல், இவற்றில் ஏதாவது இருந்தால் போனைக் குறைத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, கிளினிக் கொப்பியோடு பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். காது கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வரும்போது, அவன் வீட்டில் விளையாடுவதைச் சில நிமிடம் போனில் எடுத்துக்கொண்டு வாருங்கள். கிளினிக்கில் முக்கால்வாசிப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.