சோபாவுக்குப் பக்கத்தில் கதவு இருந்தால் சர்ரவுண்ட் ஸ்பீக்கரை எங்கே மாட்டுவது?

கேள்வி: எங்கள் ஃபிளாட்டில் 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரமுள்ள அறையை ஹோம் தியேட்டராக மாற்றுகிறோம். அகலச் சுவரில் 55 அங்குல டிவி. எதிர்ச்சுவரை ஒட்டி மூன்று பேர் உட்காரும் சோபா. 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஏவி ரிசீவர், கீழ்ஒலிக்கான 5 அங்குல ஊஃபருள்ள முன் ஸ்பீக்கர்கள், சென்டர், சப்வூஃபர் எல்லாம் வாங்கியாகிவிட்டது. பின்னாலிருந்து ஒலிக்கும் சர்ரவுண்டுக்கு மட்டும் சிறிய ஸ்பீக்கர்கள் வேண்டும். சோபாவின் வலப்பக்கச் சுவரில் கதவு இருக்கிறது. பழைய ஹோம் தியேட்டர் செட்டில் வந்த சின்ன ஸ்பீக்கர்களையே பயன்படுத்தலாமா? எத்தனை வாட் தேவை? சீலிங்கில் பதிக்கலாமா?

பதில்: ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அது உட்காரப்போகும் இடத்தை முடிவு செய்யுங்கள். பெரிய ஹாலில் ஒலி போதாமல் போவதுதான் பிரச்சினை. உங்கள் அறையில் ஸ்பீக்கர் காதுக்கு மிக அருகில் வந்துவிடுவது பிரச்சினை. சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டுமே கேட்கும், எதிர்ப்பக்கத்து ஸ்பீக்கர் இருப்பதே தெரியாது. சின்ன அறையில் செய்யும் சர்ரவுண்ட் பெரும்பாலும் இதில்தான் கெடுகிறது.

முதல் வேலை, சோபாவைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுப்பது. தலை சுவரிலிருந்து சுமார் இரண்டடி தள்ளி வர வேண்டும். 5.1 அமைப்பில் சர்ரவுண்ட் ஸ்பீக்கர்கள், நேர் முன்னால் 0 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 100 முதல் 120 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால். தலை சுவரை ஒட்டியிருந்தால் பின்னால் இடமே கிடையாது. இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் அறையின் 12 அடி நீளம் 47 ஹெர்ட்ஸ் அருகிலும், 10 அடி அகலமும் உயரமும் இரண்டும் சேர்ந்து 56 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒத்ததிர்வு கொடுக்கும். இந்த பேஸ் (கனத்த கீழ்ஒலி) சுவரை ஒட்டிய இடத்தில்தான் மிகக் கனமாகக் குவியும். சோபாவை ஓர் அடி நகர்த்தினால், குறைந்தது நீளவாக்கில் வரும் அந்த ‘பூம்’ கொஞ்சம் தணியும்.

அடுத்தது கதவு. இடது ஸ்பீக்கரைப் பக்கச் சுவரிலும், கதவு தடுப்பதால் வலதைப் பின்சுவரிலும் மாட்டும் யோசனை வரும். வேண்டாம். தூர வித்தியாசத்தை ரிசீவர் சரிக்கட்டிவிடும். ஆனால் இரண்டு ஸ்பீக்கருக்கும் அருகிலுள்ள சுவர்கள் வேறு வேறாக இருப்பதால் ஒலியின் நிறம் மாறுகிறதே, அதைச் சரிக்கட்ட முடியாது. ஹெலிகாப்டர் இடமிருந்து வலம் போகும்போது பாதி வழியில் வேறு ஹெலிகாப்டராக மாறியதுபோல் கேட்கும். எனவே இரண்டையும் பின்சுவரிலேயே, பக்கச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, மூலைகளுக்கு அருகே மாட்டுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நடு இருக்கையிலிருந்து பக்கவாட்டில் நாலரை அடி, பின்னால் ஒன்றரை அடி. கோணம் 108 டிகிரி. கதவும் தடுக்கவில்லை, கோணமும் வரம்புக்குள் வந்துவிட்டது.

உயரம்தான் இங்கே முக்கியமான முடிவு. காது மட்டத்திலேயே மாட்டினால், ஓர இருக்கையில் இருப்பவருக்கு அருகிலுள்ள ஸ்பீக்கர் மூன்றடிக்கும் குறைவான தூரத்தில், மற்றது ஆறே முக்கால் அடியில். நேரடி ஒலியில் மட்டும் சுமார் 7 டெசிபல் வித்தியாசம். காதுக்கு மேல் இரண்டரை அடி உயர்த்தினால் அந்தத் தூரங்கள் முறையே 3.8 அடி, 7.1 அடி என்றாகி, வித்தியாசம் ஐந்தரை டெசிபலுக்கு இறங்கும். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றேகால் அடியில் இருக்கும். ஆகவே ட்வீட்டர் (உச்ச ஒலிகளைத் தரும் சின்ன பாகம்) ஐந்தே முக்கால் அடி உயரத்தில் வரட்டும். இதற்கு மேல் ஏற்றினால் ஒலி பின்னாலிருந்து வராமல் தலைக்கு மேலிருந்து வரத் தொடங்கும்.

திருப்புவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இடது ஸ்பீக்கரை வலது ஓர இருக்கையை நோக்கியும், வலதை இடது ஓர இருக்கையை நோக்கியும் சாய்த்து வையுங்கள். அருகில் இருப்பவர் ட்வீட்டரின் நேர்க்கோட்டிலிருந்து விலகிவிடுவார், அவருக்கு உச்ச ஒலிகள் கொஞ்சம் மட்டுப்படும். தூரத்தில் இருப்பவருக்கு நேராகப் போகும். இதற்காக, பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் திரும்பும் பிராக்கெட் கட்டாயம் தேவை. ஆணியில் தொங்கவிடும் சாவித்துளை மட்டும் உள்ள, சுவரோடு தட்டையாக ஒட்டும் ஸ்பீக்கர் இந்த மூலைக்கு ஆகாது. பெட்டியின் பின்னால் கால் அங்குல மறையாணி பொருத்தும் துளை இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது ஸ்பீக்கர். 4 அங்குல ஊஃபரும் தனி ட்வீட்டரும் உள்ள இருவழி ஸ்பீக்கர் போதும். ஆழம் 6 அங்குலத்துக்குள், எடை 3 கிலோவுக்குள். முழுக்க மூடிய பெட்டி முதல் தேர்வு. கீழ்ஒலிக்காகக் காற்று வெளியேறும் துளை (போர்ட்) உள்ள மாடல் என்றால் அது முன்பக்கம் இருக்க வேண்டும். பின்பக்கத் துளை சுவரை நெருங்கினால் கீழ்ஒலி உப்பிப்போகும். வேறு வழியில்லாமல் அப்படி வாங்க நேர்ந்தால் துளைக்குள் ஸ்பஞ்ச் அடைப்பானைச் செருகலாம். கூடுமானவரை முன் ஸ்பீக்கர்களின் அதே நிறுவனம், அதே வரிசையாகவே எடுங்கள். அது கிடைக்காவிட்டால் ட்வீட்டர் வகையாவது ஒத்துப்போகட்டும். முன்னால் துணி டோம், பின்னால் உலோக டோம் என்று கலப்பதைத் தவிர்ப்பது நல்லது. இரு பக்கமும் ஒலி எழுப்பும் டைபோல், பைபோல் வகைகளும் உண்டு. டைபோல் என்பது சர்ரவுண்ட் ஒரே சானலாக இருந்த காலத்தில், ஒலி வரும் இடம் தெரியாமல் பரப்புவதற்காகப் புழக்கத்துக்கு வந்தது. மூலையில் மாட்டப்போகும் உங்களுக்கு நேரடியாக ஒலிக்கும் சாதாரண வகையே சரி.

விவரக்குறிப்பில் வாட்டைப் பார்க்காதீர்கள், சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள். 85 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு ஒலி. உங்கள் நடு இருக்கை ஸ்பீக்கரிலிருந்து 1.6 மீட்டர்தான். அங்கே 1 வாட்டுக்கு 81 டெசிபல், 10 வாட்டுக்கு 91, 20 வாட்டுக்கு 94 கிடைக்கும். வீட்டில் சர்ரவுண்டுக்கு அதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். எந்த ஏவி ரிசீவரும் இதைச் சுலபமாகத் தரும். அட்டைப்பெட்டியில் விளம்பரத்துக்காக அச்சடித்திருக்கும் பிஎம்பிஓ என்ற பெரிய வாட் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

பழைய செட்டின் ஸ்பீக்கர்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன். பின்னால் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். அத்தகைய செட்டுகளில் பல 3 அல்லது 4 ஓம். உங்கள் ரிசீவர் 6 ஓமுக்குக் குறையாமல் கேட்கிறது என்றால், 3 ஓம் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ரிசீவர் சூடாகி, சத்தமான காட்சியில் பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். வெயில் காலத்தில், மூடிய டிவி அலமாரிக்குள் இன்னும் சீக்கிரம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இரண்டரை, மூன்று அங்குலக் கோன் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுமாறும். அதற்குக் கீழுள்ளதை சப்வூஃபருக்கு அனுப்பியாக வேண்டும். ஆண் குரலின் அடித்தளமே அந்த எல்லையில்தான் இருக்கிறது. பின்னாலிருந்து பேச வேண்டியவர் சப்வூஃபர் வைத்த மூலையிலிருந்து முனகுவார். 80 ஹெர்ட்ஸ் அளவில் காதுக்குத் திசை அவ்வளவாகத் தெரியாது, 150-இல் நன்றாகவே தெரியும்.

சீலிங்கும் இதற்கு வேண்டாம். அது டால்பி அட்மாஸில் தலைக்கு மேலிருந்து ஒலிக்கும் உயரச் சானல்களுக்கான இடம். வயர்லெஸ் சர்ரவுண்டைப் பற்றி யோசித்திருந்தால், அதற்கும் பெரும்பாலும் பின்சுவரில் பிளக் பாயின்ட் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வயர் விஷயத்தில் சிக்கனமாகவே இருக்கலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் இருகோர் செம்பு வயர் எடுத்தால் போதும், ஸ்பீக்கர் வயர் என்ற பெயரில் விலையுயர்ந்தது தேவையில்லை. செம்பு பூசிய அலுமினியம் மட்டும் வேண்டாம். மின்தடை அதிகம், முறுக்கினால் இழைகள் எளிதில் ஒடியும். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். வலப்பக்கம் கதவு இருப்பதால் இரண்டு வயரையும் இடப்பக்கச் சுவரடியில் கேசிங் பட்டைக்குள் கொண்டுபோய்ப் பின்சுவர் வழியாகப் பிரியுங்கள். இடதுக்கு 8 மீட்டர், வலதுக்கு 11 மீட்டர் ஆகும், 20 மீட்டர் வாங்குங்கள். நீளம் சமமாக இல்லாததால் ஒன்றும் ஆகாது. 11 மீட்டருக்குப் போய்வரும் மின்தடை 0.3 ஓமுக்குள்தான். வீட்டு மின்சார வயர் ஓடும் குழாய்க்குள் மட்டும் இதை இழுக்காதீர்கள்.

துளை போடும்போது ஒரு கவனம். ஃபிளாட்டுகளில் அறையின் மூலைகளில் பெரும்பாலும் கான்கிரீட் தூண் இருக்கும். சாதாரண டிரில் அங்கே சூடாகி நின்றுவிடும், ஹேமர் டிரில் தேவை. கம்பி தட்டுப்பட்டால் மல்லுக்கட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். 8 மி.மீ. ரால் பிளக், 50 மி.மீ. ஸ்குரூ. பூச்சு மட்டும் 12 முதல் 15 மி.மீ. வரை இருக்கும், பிளக் அதைத் தாண்டி உள்ளே முழுவதும் இறங்க வேண்டும். லேசான ஏஏசி பிளாக் சுவர் என்றால் அதற்கென்றே உள்ள நைலான் பிளக் வாங்குங்கள், சாதாரணப் பிளக் சில மாதங்களில் ஆடத் தொடங்கும்.

மாட்டியபின் ரிசீவரோடு வந்த மைக்கை நடு இருக்கையில் காது உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து, ஃபேன், ஏசி அணைத்து அளவெடுங்கள். சோபா முதுகில் மைக்கைச் சாய்த்து வைத்தால் அளவு பொய்யாகும். முடிந்ததும் சரிபார்க்க வேண்டியவை: சர்ரவுண்ட் ‘ஸ்மால்’ என்று இருக்க வேண்டும், கிராஸ்ஓவர் (இதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 100 ஹெர்ட்ஸ், தூரம் ஐந்தரை அடி அருகில். ரிசீவர் 120 என்று கண்டுபிடித்திருந்தால் அதை 100-ஆகக் குறைக்காதீர்கள். உயர்த்தலாம், தாழ்த்தக் கூடாது. ‘ஃபேஸ் தவறு’ என்று எச்சரிக்கை வந்தால் சிவப்பு, கறுப்பு இணைப்பை ஒருமுறை பாருங்கள். சரியாக இருந்தால் தொடருங்கள், சுவரை ஒட்டிய ஸ்பீக்கர்களில் இந்த எச்சரிக்கை பொய்யாகவும் வரும்.

இவ்வளவு செய்தும் படம் ஓடும்போது பின்னால் சத்தமே இல்லை என்றால், ஸ்பீக்கரைக் கழற்றுவதற்கு முன் டிவியின் ஆடியோ அமைப்பைத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் அவுட்புட் ‘பிசிஎம்’ என்றிருந்தால் ஏஆர்சி (டிவியின் ஒலியைத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு) வழியாக ரிசீவருக்கு வெறும் ஸ்டீரியோதான் போய்ச் சேரும். அதை ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ்த்ரூ’ என்று மாற்றுங்கள். ஓடிடி செயலியில் அந்தப் படத்துக்கு 5.1 ஒலி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். யூடியூபில் இருப்பவை பெரும்பாலும் ஸ்டீரியோவே. அவற்றுக்கு ரிசீவரில் ‘டால்பி சர்ரவுண்ட்’ பயன்முறையைப் போட்டால் பின் ஸ்பீக்கர்கள் ஒலிக்கத் தொடங்கும்.